ஊர்ச் சொத்து – 11: வைக்க ஒரு விழா, எடுக்க ஒரு கிரேன்

2022 ஜூலையில் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடக்கப்போகிறது, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று பாலமே சதுரங்கப் பலகையாயிற்று. ஊர் திரண்டு போய் செல்ஃபி எடுத்தது. வண்டி ஓட்டுகிறவருக்குக் கண் கூசாதா என்று கேட்டவர்களும் உண்டு. ஆகஸ்டில் போட்டி முடிந்தது. பிறகு பாலம் பழைய வெள்ளைக்கே திரும்பியது. கட்டத்தை அழிக்காதே என்று யாரும் சாலையில் உட்காரவில்லை.

ஏன் உட்காரவில்லை? கட்டம் போட்ட அன்றே அது எதுவரைக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதற்காகப் போட்டார்கள், யார் போட்டார்கள், எப்போது போய்விடும் என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருந்தது. சென்னையின் பொதுக்கலை வரலாற்றில் இந்த மூன்றுக்கும் முன்கூட்டியே பதில் இருந்த வேலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் விழாவோடு வரும், என்றைக்கோ ஒருநாள் இரவில் கிரேனோடு போகும்.

போன வாரம் பூங்காக்களைப் பற்றி எழுதியபோது, உள்ளே இருக்கும் சிமென்ட் மான்களுக்கும் கொக்குகளுக்கும் யார் பொறுப்பு என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கேள்வி சிறியதாகத் தெரிந்தாலும் அதைப் பிடித்து இழுத்தால் மெரினா வரைக்கும் வரும். சிலை, சுவரோவியம், மேம்பாலத்தடியில் நிற்கும் உலோகச் சிற்பம், ரவுண்டானா நடுவில் இருக்கும் குதிரை என்று பொது இடத்தில் உள்ள கலைப்பொருள் எல்லாவற்றுக்கும் ஒரு மாநகராட்சி எழுத்தில் கொள்கை வைத்திருக்க வேண்டும். அதை எங்கிருந்து எழுத ஆரம்பிப்பது என்பதுதான் இந்த வாரப் பேச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடைசிப் பக்கத்திலிருந்து. ஒரு படைப்பை எப்படி எடுப்பது, யார் எடுப்பது, எடுத்தால் எங்கே வைப்பது என்று எழுதிவிட்டு, அதன்பின் பராமரிப்பு, அதன்பின் செலவு, எல்லாம் முடிந்தபிறகு யாரைத் தேர்ந்தெடுப்பது என்று போக வேண்டும். நம் ஊரில் கடைசிப் பக்கம் எழுதப்படாததால் நடந்தவை கொஞ்சமல்ல.

1937-இலிருந்து தொடங்குவோம். அண்ணா சாலை அப்போது மவுண்ட் ரோடு. 1857 கிளர்ச்சியை ஒடுக்கியதில் பேர்போன கர்னல் நீலின் சிலை அங்கே நின்றது. வடக்கே அவன் செய்த கொடுமைகள் இங்கே தெரியாமல் இல்லை. 1927-இல் அதை அகற்றச் சொல்லிச் சத்தியாகிரகம் நடந்தது. தொண்டர்கள் தொடர்ந்து சிறைக்குப் போனார்கள். இளம் காமராஜருக்கும் அந்தப் போராட்டத்தில் பங்கு உண்டு. வெள்ளை அரசு அசையவில்லை. பத்து வருடம் கழித்து ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சி வந்ததும் சிலை இறங்கியது. கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்தது. யாரும் அதை உடைக்கவில்லை, உருக்கவில்லை. கடைசியில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது, இன்றும் இருக்கிறது. காரணம் வெளிப்படை, விவாதம் பகிரங்கம், பொருள் பத்திரம். இந்த நகரத்தில் ஒரு சிலை போன விதங்களில் இதைவிட ஒழுங்கானது பிறகு நடக்கவில்லை என்பது என் எண்ணம். எதிரியின் சிலைக்குக் கிடைத்த மரியாதை நம்மவர் சிலைகளுக்குக் கிடைக்கவில்லை.

(அதே சாலையில் தீவுத்திடல் அருகே தாமஸ் மன்றோ இன்னும் குதிரைமேல்தான் இருக்கிறார். 1839-இல் பொதுமக்களிடம் வசூலித்த பணத்தில் வைத்தது, பிரான்சிஸ் சான்ட்ரி செய்தது. சேணமும் இல்லை, கால் வைக்க அங்கவடியும் இல்லை என்று ஊர் சொல்லிச் சிரிக்கும். அவரை எடுக்கச் சொல்லிக் குரல் எழாமல் இல்லை. ஆனால் நிலவரியில் ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்த மன்றோவுக்கு இங்கே கொஞ்சம் நல்ல பெயரும் உண்டு.)

1968 ஜனவரி. இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. அதையொட்டி மெரினாவில் வள்ளுவர், ஔவை, கம்பர், பாரதி, பாரதிதாசன், வ.உ.சி., வீரமாமுனிவர், போப், கால்டுவெல் என்று வரிசையாகச் சிலைகள் எழுந்தன. கையில் சிலம்போடு கண்ணகியும். ஒரு கடற்கரையே மொழி வரலாற்றின் பொருளடக்கம் ஆனது. 2001 டிசம்பரில் ஒரு லாரி கண்ணகி பீடத்தில் மோதியது. போக்குவரத்துக்கு இடையூறு என்று சிலையைக் கழற்றினார்கள். வாஸ்து என்று ஊர் பேசிக்கொண்டது. எது உண்மை என்பதில் எனக்கு இப்போது அக்கறை இல்லை. சிலை ஏன் போனது என்று ஒரு குடிமகன் கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு விசாரணைக் குறிப்பு, ஒரு நிபுணர் அறிக்கை, ஒரு பொது அறிவிப்பு இருந்திருந்தால் வாஸ்துக் கதைக்கு வேலையே இருந்திருக்காது. 2006-இல் ஆட்சி மாறியது, ஜூன் 3-ஆம் தேதி கண்ணகி திரும்பி வந்தாள். அன்று கலைஞர் கருணாநிதிக்குப் பிறந்தநாள். அந்த நான்கரை வருடத்தில் சாலை அகலமாகவில்லை, வண்டிகளும் குறையவில்லை. ஆக, இடையூறு என்பது தேர்தலுக்குத் தேர்தல் மாறும் பொருள்.

அதே 2006-இல், அதே காமராஜர் சாலையில், ராதாகிருஷ்ணன் சாலை வந்து சேரும் முனையில் சிவாஜி கணேசன் சிலை வைத்தார்கள். திரும்பும் வண்டிகளுக்கு எதிரே வருவது தெரியாமல் சிலை மறைக்கிறது என்று வழக்கு. போக்குவரத்துப் போலீஸும் நீதிமன்றத்தில் அதைத்தான் சொன்னது. 2014-இல் அகற்றச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2017 ஆகஸ்டில் ஓர் இரவு கிரேன் வந்தது. சிலை அடையாறு மணிமண்டபத்துக்குப் போனது. இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று. முனையில் சிலை வைத்தால் பார்வை மறையுமா என்று பார்க்க 2006-இலேயே ஒரு போக்குவரத்துப் பொறியாளர் அரை மணி நேரம் அங்கே நின்றிருந்தால் போதும். எட்டு வருட வழக்கும், ரசிகர்களின் மனவருத்தமும், ராத்திரி கிரேனும் மிச்சமாகியிருக்கும்.

அண்ணா சாலையில் 1975-இல் திராவிடர் கழகம் வைத்த கருணாநிதி சிலை எப்படிப் போனது என்று இந்தத் தலைமுறைக்குச் சொல்லத்தான் வேண்டும். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்ததும் கடப்பாரையோடு ஏறிய கும்பல் உடைத்துப் போட்டது. அந்தப் புகைப்படம் பிரசித்தம். உடைந்ததைச் சரி செய்யவா, அப்படியே எடுத்துவிடவா, பீடத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கிற அதிகாரம் யாரிடம் இருந்தது? யாரிடமும் இல்லை. 2022-இல் புதிய சிலை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்துக்குள் எழுந்தது. ஏன் சாலையில் இல்லாமல் வளாகத்துக்குள் என்று கேட்டால் பதில் டெல்லியில் இருக்கிறது.

2013 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. பொது இடங்களை ஆக்கிரமித்த வழிபாட்டுக் கட்டடங்கள் பற்றிய பெரிய வழக்கின் ஊடே, கேரளத்தின் நெய்யாற்றின்கரையில் முன்னாள் அமைச்சர் ஒருவருக்குச் சாலையோரம் சிலை வைக்கும் பிரச்சினை வந்தது. அதைக் கேட்ட நீதிபதிகள், இனி எந்த மாநிலமும் பொதுச் சாலை, நடைபாதை, சாலையோரம், பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்கவோ கட்டுமானம் எழுப்பவோ அனுமதி தரக் கூடாது என்றார்கள். தெருவிளக்கு, போக்குவரத்து வசதி மாதிரியானவற்றுக்கு மட்டும் விலக்கு.

தலைவர் சிலைகளின் பெருக்கத்தை நினைத்தால் உத்தரவின் நியாயம் புரிகிறது. ஆனால் அது தலைவர் சிலைக்கும் கலைச் சிற்பத்துக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. 1959 ஜனவரியில் மெரினாவில் திறந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாறையை நெம்பும் நான்கு பேர். யாருடைய பிறந்தநாளும் இல்லை, யாருடைய கட்சியும் இல்லை. சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவர் செய்தது. என் மதிப்பில் இந்த நகரத்துச் சாலையில் இருக்கும் சிற்பங்களில் அதுதான் முதல். இன்று அப்படி ஒன்றைச் சாலையோரம் நிறுத்த ஒரு மாநகராட்சி நினைத்தால் முதல் தடை அந்த உத்தரவு. வளாகத்துக்குள் வைக்கலாம், பூங்காவுக்குள் வைக்கலாமா என்று வக்கீலைக் கேட்க வேண்டும். சுவரில் தீட்டினால் கேள்வியே இல்லை. கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இந்திய நகரங்கள் எல்லாம் சுவரோவியத்தின் பக்கம் சாய்ந்ததற்குப் பெயின்ட் கம்பெனிகளின் உற்சாகம் ஒரு காரணம் என்றால், தரையில் எதையும் நட முடியாதது இன்னொன்று என்று நினைக்கிறேன்.

சுவருக்கு வருவோம். நம் சுவர்களுக்கு 1959-லேயே ஒரு சட்டம் இருக்கிறது, பொது இடங்களின் அழகைச் சீர்குலைப்பதைத் தடுக்க. அதன் கண்ணில் போஸ்டரும் எழுத்தும் குற்றம். 2009-10 வாக்கில் சென்னை மாநகராட்சி அந்தக் குற்றத்துக்கு ஓவியத்தால் வைத்தியம் செய்யப் பார்த்தது. அண்ணா சாலைச் சுவர்களில் கோயில், ஜல்லிக்கட்டு, பரதம், பொங்கல் என்று வரைந்தால் போஸ்டர் ஒட்ட மனம் வராது என்று கணக்கு. ஃப்ளெக்ஸ் வந்து பிழைப்பு போயிருந்த பேனர் ஆர்ட்டிஸ்டுகள் பலருக்கு அதில் வேலை கிடைத்தது. சதுர அடிக் கணக்கு. எம்.ஜி.ஆரை நாற்பது அடிக்கு நிறுத்திய கைகள் இப்போது பூக்காரியை வரைந்தன. படத்தின் மூலையில் தன் பெயரையும் செல் நம்பரையும் எழுதுவது நம் சுவர் ஓவியர்களின் பழக்கம். கையெழுத்து, விசிட்டிங் கார்டு இரண்டுமே அதுதான். அந்த ஓவியங்கள் இன்று எங்கே? பெரும்பாலானவை வெயிலில் வெளுத்து, மழையில் உரிந்து, மெட்ரோ பள்ளத்தோடு போய், அடுத்த வர்ணத்துக்குள் மறைந்தன. அதில் தவறு இல்லை. சென்னை வெயிலில் வெளிச்சுவர் எமல்ஷன் நிலைப்பது சில வருடம்தான். ஆனால் அவை ‘சில வருடத்துக்கு’ என்று சொல்லிப் போட்டவை அல்ல. நடுவில் பாதி உரிந்த நாட்டியப் பெண்ணை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2020-இல் கண்ணகி நகர். நதிக்கரைகளிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களைப் பழைய மாமல்லபுரம் சாலைக்கு அப்பால் கொண்டுபோய் வைத்த, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பு. ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பும் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் மாநகராட்சியோடு சேர்ந்து அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பிரமாண்டமான ஓவியங்களைத் தீட்டின. ‘கண்ணகி நகரா?’ என்று வேலைக்கு எடுக்கத் தயங்கிய ஊர், படம் பார்க்க அங்கே போனது. அது நல்லதுதான். தண்ணீர் குழாய்க்கு வராத பணம் சுவருக்கு எப்படி வந்தது என்று கேட்டவர்களின் கேள்வியும் நல்லதுதான். ஒன்றுக்காக மற்றதைத் தள்ள வேண்டியதில்லை.

கொள்கை எழுதுகிறவர் கண்ணகி நகரில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த வெளிச்சுவர் யாருடையது? வீடு குடியிருப்பவருக்கு, கட்டடம் அதைக் கட்டிய அரசு வாரியத்துக்கு, சாலை மாநகராட்சிக்கு, ஓவியம் படைத்தவருக்கு, பெயின்ட் கம்பெனிக்கு. நாளைக்கு வாரியம் கட்டடத்துக்கு மராமத்து செய்து புது வர்ணம் அடிக்க டெண்டர் விட்டால், ஒப்பந்ததாரர் ஓவியத்தை விட்டுவிட்டு அடிப்பாரா? அவருக்கு அப்படி யார் சொல்வது? பறக்கும் ரயிலின் இந்திரா நகர் நிலையத்தில் எச்.ஐ.வி. ஒதுக்கலுக்கு எதிராக வரைந்த பெரிய சுவரோவியத்தின் கதையும் இதுதான். சுவர் ரயில்வேயுடையது, செய்தி எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்துடையது, பார்க்கிறவர் மாநகராட்சிக்கு வரி கட்டுகிறவர். நம் ஊரில் ஒரு சாலை மாநகராட்சிக்கு, அடுத்தது நெடுஞ்சாலைத் துறைக்கு, மேலே போகும் தண்டவாளம் தெற்கு ரயில்வேக்கு, கீழே தோண்டுவது மெட்ரோவுக்கு. மாநகராட்சி தனக்கு மட்டும் ஒரு கொள்கை எழுதிக்கொண்டால் பாதி நகரத்துக்கு அது செல்லாது. எல்லாத் துறையும் கையெழுத்துப் போட்ட ஒரு ஒப்பந்தம் வேண்டும்.

படைத்தவருக்கு என்ன உரிமை என்று நம் அதிகாரிகள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. பணம் கொடுத்தாயிற்று, பொருள் நம்முடையது, உடைத்தால் என்ன என்ற எண்ணம். அந்த எண்ணத்தை ஒரு சிற்பி நீதிமன்றத்தில் உடைத்தார். 1957-இல் டெல்லி விஞ்ஞான் பவன் முகப்புக் கூடத்துக்கு ஒரு வெண்கலச் சுவர்ச் சிற்பம் செய்யும் பணியை மத்திய அரசு அமர்நாத் சேகலிடம் கொடுத்தது. 140 அடி நீளம், 40 அடி உயரம். விவசாயி, தொழிலாளி, கைவினைஞர் என்று புதிய குடியரசின் முகங்கள். வருடக்கணக்கான உழைப்பு. 1979-இல் கட்டடத்தைப் புதுப்பிக்கிறேன் என்று அரசே அதைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டது. சிற்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயர்த்ததில் உடைந்தது, கிடந்ததில் சிதைந்தது, சில துண்டுகள் காணாமல் போயின. சேகல் கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு 1992-இல் வழக்குப் போட்டார். 2005 பிப்ரவரியில் டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பொருள் அரசுக்குச் சொந்தமானாலும் படைப்பின் முழுமையைச் சிதைக்க அரசுக்கு உரிமை இல்லை, மிச்சத்தைச் சிற்பியிடம் திருப்பிக் கொடு, ஐந்து லட்சம் இழப்பீடு கொடு. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு படைத்தவருக்குத் தரும் சிறப்பு உரிமையை அந்தத் தீர்ப்பு தூசி தட்டி எடுத்தது. படைப்பை விற்ற பிறகும் அந்த உரிமை போவதில்லை. அப்போது சேகலுக்கு எண்பதைத் தாண்டிய வயது. 2007-இல் இறந்துபோனார்.

அதே சட்டத்தில் அரசுக்குச் சாதகமான வரியும் இருக்கிறது. ஒரு படைப்பைக் காட்சிக்கு வைக்கவில்லை என்பதோ, படைத்தவர் திருப்திப்படும்படி வைக்கவில்லை என்பதோ மட்டும் உரிமை மீறல் ஆகாது. அதாவது இறக்கிப் பத்திரமாக வைக்கலாம், உடைக்கக் கூடாது. டெல்லி பிரகதி மைதானத்தின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் கட்டடத்தை 2017-இல் இடித்தபோது அதை வடிவமைத்த ராஜ் ரேவல் இதே பிரிவில் வழக்குப் போட்டுத் தோற்றார். தன் நிலத்தில் உள்ள கட்டடத்தை இடிக்கும் உரிமையாளரை வடிவமைத்தவர் தடுக்க முடியாது என்றது 2019 தீர்ப்பு. இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு மாநகராட்சி வக்கீலுக்குத் தலை சுற்றும். அதனால்தான் இதெல்லாம் நீதிமன்றம் போவதற்கு முன்னால், வேலை கொடுக்கும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்: எத்தனை வருடத்துக்கு, எடுக்க நேர்ந்தால் எத்தனை நாள் முன்பு சொல்வோம், நீ திரும்ப எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா.

முன்பே எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் இரண்டு பாடம் வைத்திருக்கிறது. முதலாவது ரிச்சர்ட் செராவின் ‘டில்ட்டட் ஆர்க்’. மன்ஹாட்டனில் மத்திய அரசு அலுவலகங்களின் முன் முற்றத்தில் 1981-இல் நிறுத்திய எஃகுச் சுவர்; 120 அடி நீளம், 12 அடி உயரம், துருவேறிய பழுப்பு, லேசாகச் சாய்ந்தது. அலுவலகத்துக்குப் போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். மதியம் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு இடம் போயிற்று. எரிச்சல் மனுவானது. 1985 மார்ச்சில் பொது விசாரணை நடத்தினார்கள். 180 பேர் பேசினார்கள். 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடு என்றார்கள். விசாரணைக் குழு நாலுக்கு ஒன்று என்று எடுக்கச் சொன்னது! அந்தக் குழுவை அமைத்து முன்னால் உட்கார்ந்த அதிகாரி, அதை எடுக்க வேண்டும் என்று முன்பே சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த இடத்துக்காகவே செய்தது, வேறிடத்தில் வைத்தால் அது செத்த மாதிரி என்று செரா வழக்காடினார், தோற்றார். 1989 மார்ச்சில் ஓர் இரவு அறுத்து எடுத்துப் போனார்கள். அங்கும் ராத்திரிதான்.

எனக்கு அந்த அலுவலக ஊழியர்கள் பக்கம் அனுதாபம் உண்டு. தினமும் சுற்றி நடக்கிறவனின் காலுக்கும் ஒரு வாக்கு உண்டு. அவர்களிடம் 1979-இல், செராவிடம் வேலை கொடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் வைத்ததும் தவறு, கேட்டுவிட்டு எண்ணிக்கையைத் தூக்கிப் போட்டதும் தவறு. அந்த அமளிக்கு அடுத்த வருடம், 1990-இல், அமெரிக்கா காட்சிக் கலைஞர்களின் உரிமைக்கு ஒரு சட்டம் போட்டது.

இரண்டாவது, குயின்ஸ் பகுதியில் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ என்ற பழைய தொழிற்சாலை. உரிமையாளர் ஜெரி வோல்காஃப் அனுமதியோடு உலகத்து கிராஃபிட்டிக்காரர்கள் எல்லாம் வந்து வரைந்த சுவர்கள். அவர் அதை இடித்து வீடு கட்ட நினைத்தார்; அது அவர் உரிமை. பெயர்த்து எடுக்கக்கூடிய படைப்பென்றால் 90 நாள் முன்னறிவிப்புக் கொடு, படைத்தவர் எடுத்துப் போகட்டும் என்கிறது அந்தச் சட்டம். கட்டட இடிப்பு அனுமதியே இன்னும் கைக்கு வராத நேரத்தில், 2013 நவம்பரில் ஒரே ராத்திரியில் எல்லாவற்றின்மீதும் வெள்ளை அடித்துவிட்டார். 2018-இல் நீதிபதி 45 ஓவியங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை லட்சம் டாலர் என்று 67.5 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தார். 2020-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. மூன்று மாதம் பொறுத்து நாலு கடிதம் போட்டிருந்தால் இந்தத் தொகையில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

பணத்தைப் பற்றி. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் கலைக்கு என்ற விதியை 1959-இல் பிலடெல்பியா கொண்டுவந்தது. 1973-இல் சியாட்டில், பிறகு எத்தனையோ ஊர்கள். நம் கலைஞர்கள் இதை நகல் எடுக்கச் சொல்லி அடிக்கடி கேட்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வழியில் போன பிறகு அந்த ஊர்கள் கற்றுக்கொண்ட சங்கடம் ஒன்று உண்டு. கட்டுமானத்துக்கு என்று கடன் பத்திரம் விற்றுத் திரட்டிய பணத்தைக் கட்டுவதற்குத்தான் செலவழிக்கலாம். கழுவுவதற்கும் மெழுகு பூசுவதற்கும் தொட முடியாது. வருடா வருடம் சிற்பம் கூடியது, துடைக்கும் கை கூடவில்லை. நம் திட்ட நிதியும் அதே குணம்தான். ‘புதிய பணி’ என்றால் எஸ்டிமேட் உடனே கையெழுத்தாகும். ‘பராமரிப்பு’ என்றால் ஃபைல் மேசையிலேயே கிடக்கும். அதனால் நம் ஊருக்கு ஒரு சதவீதத்தைவிட முக்கியம், வைக்கிற ஒவ்வொன்றுக்கும் அதன் ஆயுள் பராமரிப்புச் செலவை முன்பணமாக வாங்கித் தனிக் கணக்கில் போடுவது. அரசு வைத்தாலும், கட்சி வைத்தாலும், பெயின்ட் கம்பெனி வைத்தாலும்.

மெரினாவின் உப்புக்காற்றை நினைத்தால் இது புரியும். உப்பில் உள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து வெண்கலத்தை உள்ளிருந்து தின்னும். வெளிர்பச்சைப் பொடியாக உதிரும். வெண்கல நோய் என்றே அதற்குப் பெயர். நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, வருடத்துக்கு ஒருமுறை மெழுகுப்பூச்சு கொடுத்தால் தள்ளிப் போடலாம். பெரிய செலவில்லை. நாம் செய்வது என்ன? பிறந்தநாளுக்கு முந்தின வாரம் சிலைக்குத் தங்கக் கலரோ கறுப்போ பெயின்ட் அடிக்கிறோம். உள்ளே ஈரமும் உப்பும் அடைபடுகின்றன, சிற்பியின் கைத் தடம் வருடத்துக்கு ஒரு கோட்டிங்காக மூடுகிறது. மாலை போட ஏணிப்படி மட்டும் நிரந்தரமாக நிற்கிறது. ஊர்ப் பக்கம் பெரியாருக்கும் அம்பேத்கருக்கும் இரும்புக் கூண்டு. கூண்டு போட்டால் காவல் முடிந்தது என்று நினைப்பதும் ஒரு வகைப் பராமரிப்புக் கொள்கைதான், எழுதப்படாதது.

யார் தேர்ந்தெடுப்பது என்பதைக் கடைசியில் வைக்கச் சொன்னேன். டெல்லியில் நகர்ப்புறக் கலை ஆணையம் என்று 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ஓர் அமைப்பு இருக்கிறது. அப்படி ஒன்று இங்கே வந்தால் மூத்த ஓவியர், கட்டடக் கலைஞர், தொல்லியல்காரர் என்று பட்டியல் போடுவார்கள். போடட்டும். அந்த மேசையில் ஒரு போக்குவரத்துப் பொறியாளரும், உலோகம் தெரிந்த ஒரு பாதுகாப்பு நிபுணரும், அந்தத் தெருவில் வசிக்கும் இரண்டு பேரும் இல்லாவிட்டால் நான் அதை நம்ப மாட்டேன். 2022-இல் வார்டு குழுவும் ஏரியா சபையும் விதியாக வந்துவிட்டன. சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் கூடும் அந்தச் சபையில் தெருமுனைச் சுவரில் என்ன வரையலாம் என்பதும் ஒரு பொருளாக வரலாம். கலை விமர்சகர்கள் முகம் சுளிப்பார்கள், மக்களிடம் கேட்டால் மயில்தான் வரும் என்று. வரட்டுமே. மயில் வந்த சுவரில் போஸ்டர் ஒட்டினால் தெருவே சண்டைக்கு வரும். அது எந்தச் சட்டமும் தராத காவல்.

தலைவர் சிலைகளைக் குழு தேர்ந்தெடுக்கும் என்று நினைக்கிற அளவுக்கு நான் வெகுளி இல்லை. அது அமைச்சரவையில் முடிவாகும், இனியும் அப்படித்தான் ஆகும். ஆனால் தேர்வுக்கு வேறு வழி என்றாலும் பராமரிப்புக்கும் அகற்றலுக்கும் எல்லாச் சிலைக்கும் ஒரே விதி இருக்கலாம். எடுக்க வேண்டுமானால் காரணம் எழுத்தில். 90 நாள் அறிவிப்பு. ஒரு பொது விசாரணை, அதில் சொன்னதை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று பதிவு. எங்கே போகிறது என்ற முகவரி. விபத்து, இடிந்து விழும் ஆபத்து என்றால் உடனே இறக்கலாம், ஆனால் இறக்கிய ஒரு மாதத்துக்குள் அந்த விசாரணை நடந்தாக வேண்டும். கண்ணகிக்கு 2001-இல் இந்த ஒரு வரி போதுமாயிருந்தது.

இதில் எதற்கும் காத்திருக்காமல் நாளைக்கே ஆரம்பிக்கக்கூடிய வேலை பதிவேடு. சென்னைக்கு 200 வார்டு. ஒவ்வொரு வார்டிலும் பொது இடத்தில் நிற்கும் சிலை, சிற்பம், சுவரோவியம் எல்லாவற்றையும் படம் எடுத்து, என்ன பொருளில் செய்தது, எந்த வருடம், யார் செய்தது, யார் பணம், நிலம் எந்தத் துறையுடையது என்று எழுத ஒரு உதவிப் பொறியாளரும் இரண்டு ஓவியக் கல்லூரி மாணவர்களும் போதும். எழும்பூரில் 1850-இலிருந்து இருக்கும் கல்லூரி அதற்குப் பிள்ளைகளைத் தரும். ‘யார் செய்தது’ என்ற கட்டத்தில் பல இடங்களில் கோடுதான் விழும் என்பது என் ஊகம். திறந்து வைத்தவர் பெயர் கல்வெட்டில் பளிச்சென்று இருக்கும், ஸ்தபதியின் பெயர் தேட வேண்டியிருக்கும். கடைசிக் கட்டத்துக்கு ‘பொறுப்பு அலுவலர், தொலைபேசி எண்’ என்று தலைப்பு வைக்கலாம். அண்ணா சாலைச் சுவரில் வரைந்தவர்கள் அந்தத் தகவலைத் தாங்களே எழுதி வைத்திருந்தார்கள்.

(தொடரும்)